சிவக்கொழுந்தம்மாவின் கல்வெட்டு

இது உண்மையாகவே நடந்தது. நம்பாதவர்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் எங்கள் அச்சகத்துக்கு வந்து அந்தக் கணினியைப் பார்க்கலாம். கூடவே என்னோடு வேலை செய்யும் கிருஷாந்தையும் பார்க்கலாம். இரண்டில் எது பயங்கரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு வீட்டார் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகங்கள்தான் எங்கள் பிழைப்பு. எல்லாருக்கும் அதே தேவாரம், அதே நன்றியுரை. ஆகவே பழைய கோப்பைத் திறந்து பெயரையும் படத்தையும் மாற்றுவோம். அதற்கு முதல் வேறு பெயரில் ஒரு பிரதி சேமிக்க வேண்டும். இது மாட்டுக்குக்கூடப் புரியும். கிருஷாந்துக்குப் புரியாது.

அன்று பின்னேரம் குச்சவெளிச் சிவக்கொழுந்தம்மாவின் கோப்பைத் திறந்தான். அதற்குள்ளேயே அடுத்துச் செத்தவரான உப்புவெளிப் பாக்கியரத்தினத்தை ஏற்றினான். அப்படியே சேமித்து மூடிவிட்டான்.

"அம்மான்ர பைல் எங்கயடா?"

"உதுதான் அண்ணை. மாத்திப்போட்டன்."

"அது இன்னும் அச்சுக்கே போகேல்லையடா!"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

எருமை மாட்டில் மழை பெய்தது போல நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாவின் படங்களை எல்லாம் சுனாமி கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது அடையாள அட்டையின் கறுப்பு வெள்ளைப் படம் மட்டும். அட்டையையும் மரணப் பதிவின்போது கொடுத்தாயிற்று. நான் ஸ்கான் செய்து வைத்ததை, இடம் பிடிக்குது என்று முந்தின நாளே அழித்திருந்தான் இந்த மேதை. மகள் சிவரூபி காலையில் வருவாள். தாயின் முகம் இனி எங்கும் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

மேதை தேத்தண்ணி குடிக்கப் போனார். நான் தனியாக இருந்து தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. பொழுதும் பட்டுவிட்டது.

திடீரென்று மின்சாரம் நின்றது. மின்விசிறி ஓய்ந்தது. கணினிக்குப் பற்றரி எதுவும் கிடையாது.

ஆனால் திரை அணையவில்லை...

டக்...

விசைப்பலகைச் சத்தம். என் கைகள் மடியில் இருந்தன.

டக்... டக்...

மூடிய கோப்பு திறந்திருந்தது. பாக்கியரத்தினத்தின் பெயர் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாய் அழிந்தது. பிறகு மீசை போனது. முகம் போனது.

'சி' என்று ஓர் எழுத்து விழுந்தது...

நான் கதிரையைப் பின்னுக்கு இழுத்தேன்.

அம்மாவின் படம் வந்தது. நிறப்படம். கிளிப்பச்சைச் சீலை.

டக்.

வேறு பெயரில் சேமித்தது.

மின்சாரம் வந்தது. கோப்புகளைப் பார்த்தேன். பாக்கியரத்தினத்தின் கோப்பும் பழுதில்லாமல் தனியே இருந்தது. செத்த மனுசிக்குத் தெரிந்தது அந்த மடையனுக்குத் தெரியவில்லை.

காலையில் சிவரூபி வந்தாள். திரையைப் பார்த்தவள் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, இந்தப் படம் எங்கால?"

"நீங்கள் தந்ததுதானே, பிள்ளை."

"இல்லை. இந்தச் சீலை அம்மா செத்தாப் பிறகுதான் வாங்கினனான். உடுத்திப் பெட்டிக்க வைச்சு, அதோடதான் எரிச்சது. ஒருத்தரும் படம் எடுக்கேல்லை."

நான் திரும்பிப் பார்த்தேன். படத்தில் அம்மாவின் கண்கள் திறந்திருந்தன.