சைபர் மில்லிமீட்டர்

எங்கள் ஊருக்கு ஊரைவிடப் பெரிய கல்லூரி ஒன்று வாய்த்திருந்தது. உடுமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவே, கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், யாரோ ஒரு புண்ணியவான் தானம் கொடுத்த பாறைமேட்டில் அதைக் கட்டியிருந்தார்கள். வேறெதற்கும் உதவாத நிலத்தைக் கல்விக்குக் கொடுப்பதுதானே வழக்கம். பஸ் கண்டக்டர்கள் ஊர்ப்பெயரைச் சொல்வதில்லை. "காலேஜெல்லாம் எறங்குங்க" என்பார்கள். எருமை வாங்க வந்தவரும் காலேஜில்தான் இறங்க வேண்டும். இப்போது பனியன் கம்பெனி வேன்கள் நிற்குமிடமும் அதுதான்.

தட்பவெப்பம் என்று பார்த்தால், ஊருக்குக் கிடைத்தது காற்று. வைகாசி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, புரட்டாசி வரை ஓடுகளைப் பெயர்க்கும். இன்று காற்றாலைக்காரர்கள் அதை விற்கிறார்கள், அன்று இலவசம். தெற்கே ஆனைமலை மேல் மேகம் கறுத்து நிற்பது வாசலிலிருந்தே தெரியும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காற்று மட்டும் வெறுங்கையோடு எங்களிடம் வரும். மற்றபடி ஐப்பசியில் வானம் மனம் வைத்தால் உண்டு.

அப்பா அந்தக் கல்லூரியின் புவியியல் துறையில் உதவியாளர். வளாகத்திலேயே வீடு. மைதானத்து ஓரம் கம்பிவேலிக்குள் இருந்த மழைமானி அவர் பொறுப்பு. தினமும் காலை எட்டரைக்கு அதனுள் இருக்கும் குப்பியை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து, பதிவேட்டில் எழுத வேண்டும். மழை இல்லாத நாளிலும் திறந்து பார்த்துத்தான் சைபர் எழுதலாம். வானத்தைப் பார்த்து எழுதக் கூடாது. அது விதி.

நான் மூன்றாம் வகுப்பு. அந்த ஆடியில் பதிவேட்டின் பக்கம் முழுக்கச் சைபர். எங்கள் வகுப்பில் ஒரு சைபர் வாங்கினால் விரல் முட்டியில் அடி. இரண்டாவதற்கு அப்பாவை அழைத்து வர வேண்டும். அப்பா வாங்கியிருந்ததோ இருபதுக்கு மேல். அவரிடம் அப்படிக் கேட்டால் யாரை அழைத்து வருவார்? அவருடைய அப்பா செத்துப் போயிருந்தார்.

அப்போதுதான் பதிவேட்டைச் சரிபார்க்க வானிலைத் துறையிலிருந்து மேலதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. "ரிஜிஸ்டர்ல கோளாறு இருந்தா உன் வேலைக்குத்தான் ஆபத்து, பாத்துக்க" என்று துறைப் பேராசிரியர் அப்பாவிடம் சொன்னதைக் கேட்டுவிட்டேன்.

அதிகாரி வரும் சனிக்கிழமை காலை, அப்பா குளிக்கப் போன நேரத்தில் சொம்பு நிறையத் தண்ணீரோடு ஓடினேன். பூட்டாத கம்பிக்கதவைத் தள்ளி, மழைமானியில் ஊற்றினேன். பாதி என் பாவாடையில் கொட்டியது.

எட்டரைக்கு அப்பா குப்பியை எடுத்தார். வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. பிறகு என் பாவாடையைப் பார்த்தார். நிதானமாக அளந்தார். பேனாவைத் திறந்து, வழக்கத்தைவிட நெடுநேரம் எழுதினார்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. துறை அறையில் நான் அப்பாவின் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றேன். அதிகாரி கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார். "மழை சைபர். மானியில் பதினெட்டு மில்லிமீட்டர் நீர் இருந்தது, மழைநீர் அல்ல. என் கவனக்குறைவு." பேராசிரியரின் முகம் வெளிறியது.

"என்னங்க கவனக்குறைவு?"

"கம்பிக்கதவப் பூட்டாம உட்டுட்டனுங்க, சார்."

"பூட்டாட்டி தண்ணி வந்துருங்களா?"

நான் முன்னால் வந்தேன். "நாந்தானுங்க ஊத்துனேன். எங்கப்பா தெனமும் சைபரே வாங்குறாருங்க. நீங்க பெயிலாக்கிப் போடுவீங்கன்னுதானுங்க..."

அதிகாரி மேசை அதிரச் சிரித்தார். "ஆடி மாசத்துல இந்த ஊருக்குச் சைபர்தான் கண்ணு, நூத்துக்கு நூறு. உங்கப்பா பாஸு."

சிரிக்க அனுமதி கிடைத்த பேராசிரியரும் சிரித்தார். "சொம்போட நிறுத்துனாளே. கொடத்தத் தூக்கியிருந்தா வெள்ளம்னு தந்தி அடிச்சிருக்கோணும்."

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் வீட்டுக்கு நடந்தார். பிழைத்தோம் என்று எனக்கு ஒரே நிம்மதி.

பின்னாளில் நானும் அரசுப் பணிக்குப் போய், முப்பத்து மூன்று ஆண்டுகள் பிறருடைய பதிவேடுகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றேன். தவறுக்கு எலியைக் காரணம் காட்டியவர்கள் உண்டு. கரையானை, மாற்றலாகிப் போனவரை, இறந்துபோனவரைக் காட்டியவர்களும் உண்டு. 'என் கவனக்குறைவு' என்று தன் கையால் எழுதிய ஒருவரையும் பார்க்கவில்லை. தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுச் சைபர் போட அப்பாவுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதெல்லாம் அன்று எனக்கு எட்டவில்லை. ஒரு சைபருக்கே நூற்றுக்கு நூறு கிடைக்கும் இடத்தில் இவர் ஏன் இத்தனை எழுத்தை வீணாக்குகிறார் என்றுதான் நினைத்தேன்.