படுக்க வைத்த பீப்பாய்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நான் "வந்தான், போனான்" என்றால் அவள் "வந்தார், போனார்" என்று போடுகிறாள். போடட்டும், என் தம்பிக்கு அந்த மரியாதை தகும்.

உறவுக்காரர்களே, தம்பியின் இந்த நினைவு மலரில் முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். தம்பி ஜெர்சி சிட்டியில் கோல்ட் ஸ்டோரேஜ் மேனேஜர் என்று ஊரெல்லாம் சொன்னது நான்தான். அவர் வேலை பார்த்தது ஒரு பப்பில், பீர்ப் பீப்பாய்களை வைத்திருக்கும் நிலவறையில். அப்பாடா, சொல்லிவிட்டேன்!

தம்பி பிறந்தது பரமக்குடி. அப்பா சீக்கிரமே போய்விட, ஸ்காலர்ஷிப்பில் படித்து, பேங்க் கம்ப்யூட்டர் வேலைக்காக இங்கே வந்தார். கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, தெருமுனை பப் முதலாளி கிளாஸ் கழுவக் கூப்பிட்டார். அவர் இங்கிலாந்துக்காரர். ஆறே மாதத்தில் நிலவறைச் சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டார். ஒரு சொட்டு குடிக்காதவரிடம்! பீர் பதமா, கெட்டதா என்று தம்பி மோந்து பார்த்தும் வெளிச்சத்தில் பார்த்துமே சொல்லிவிடுவார்.

நானும் இங்கேதான் இருந்தேன்; ஒருநாள் அவருக்குச் சாம்பார் சாதம் கொண்டுபோனேன். சாம்பார் அன்று நன்றாக அமைந்திருந்தது, அது இருக்கட்டும். கீழே பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன.

"இது உயிரோட இருக்குக்கா. உள்ள இன்னும் புளிச்சுக்கிட்டேதான் இருக்கு."

"நம்ம இட்லி மாவு மாதிரியாடா?"

"அதேதான். சூடு ஏறினா கெட்டுரும். ஃப்ரிட்ஜ் சில்லுன்னா கலங்கிரும். மண்பானைத் தண்ணி சில்லு போதும்."

ஒவ்வொரு பீப்பாயின் மேலும் ஒரு சின்ன மர ஆப்பு செருகியிருந்தது. அது வழியாக பீர் மூச்சு விட, வண்டல் அடியில் படியவேண்டுமாம். "அம்மா கலங்கல் தண்ணிப் பானையில தேத்தாங்கொட்டை தேய்ப்பாங்கல்ல? அந்த மாதிரி ஒண்ணு இதுலயும் போட்டிருக்கு. ஆடாம அசையாம கிடந்தாத்தான் தெளியும்" என்று சொல்லிவிட்டு, குழாய் கழுவ மேலே போனார்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு பீப்பாய்க்கு அடியில் ஒரே தூசி. துடைப்பம் எடுத்தேன், பீப்பாயை உருட்டினேன், சுத்தமாகக் கூட்டி ஈரத்துணியால் துடைத்தும்விட்டேன்.

இறங்கி வந்த தம்பிக்கு முகமே வெளுத்துவிட்டது.

"அக்கா! என்ன பண்ணுன?"

"கூட்டுனேன்டா. குப்பையா கிடந்துச்சு."

"நாளைக்குச் சாயங்காலம் முதலாளி மக நிச்சயதார்த்தம். அவங்க சொந்த ஊருல இருந்து வந்த பீப்பா இது ஒண்ணுதான்!"

வேலை போய்விடுமோ என்று நான் துடைப்பத்தை ஓரமாக மறைத்து வைத்தேன். தம்பியோ நேராக மேலே போய், "கால் இடறி நான்தான் இடிச்சுட்டேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். என் பெயரே வரவில்லை.

மறுநாள் சாயங்காலம், விருந்தாளிகள் வருவதற்குள் தம்பி அந்தப் பீப்பாயில் ஒரு கிளாஸ் பிடித்து ஜன்னல் பக்கம் தூக்கினார். நான் எதிரில் சாமி கும்பிட்டபடி நின்றேன். "தெளிஞ்சிருச்சுக்கா!" என்றார். முதலாளி சிரித்துக்கொண்டே ஒரு போட்டோ எடுத்தார்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியிலும் தம்பிக்கு அதே கவலைதான். "புதுப் பீப்பாயை யாரும் உருட்டலையே?"

"நான்தான் இங்க உன் பக்கத்துல உக்காந்திருக்கேனே, அங்க யாருடா உருட்டுவா?"

சிரித்தார். மறுநாள் வலியில்லாமல், தூக்கத்திலேயே போனார். அந்த மட்டும் எனக்கு நிம்மதி.

போன வாரம் இந்த மலருக்குப் படம் கேட்டு முதலாளியிடம் போனோம். இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததை மருமகளை விட்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அத்தை, அவருக்கு அன்னைக்கே தெரியுமாம். பீப்பாய்க்கு அடியில அவ்வளவு சுத்தமா அதுக்கு முன்னாடி இருந்ததே இல்லையாம். அக்காவுக்காகப் பொய் சொல்றவன் பீப்பாயையும் நல்லாப் பாத்துக்குவான்னு விட்டுட்டாராம்."

ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிய அந்த முதலாளிக்கும், ராத்திரி பகல் பார்த்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், ரசம் வைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் நான் கடமைப்பட்டவள்.

அன்று முதலாளி எடுத்த போட்டோதான் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது, ஒருதரம் திருப்பிப் பாருங்கள். தம்பி தூக்கிப் பிடித்திருப்பது ஆப்பிள் ஜூஸ் இல்லை. அந்தக் கிளாஸ் வழியாகப் பளிச்சென்று தெரிகிறதே ஒரு மூக்குத்தி, அது என்னுடையது.