போர்டு இல்லாத கூட்டம்

"ஒரே ஒரு தபா வரேன். அங்க யாரும் இல்லன்னா அதோட வுட்றணும். அப்பறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர். மனசு மாறுவதற்குள் சட்டையை எடுத்து நீட்டினேன்.

அப்போது அவர் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்தார். கல்யாணமான புதிதில் வாயைத் திறந்தால் ஊரையே சிரிக்க வைப்பார். குடி ஏற ஏறப் பேச்சு குறைந்தது. குடித்தால் அழுகை, குடிக்காவிட்டால் ஊமை. என் கோபமெல்லாம் அந்தப் பாட்டில் மீதுதான். அவர் மீதும்தான், பொய் ஏன் சொல்ல வேண்டும்.

குடியை நிறுத்தியவர்கள் கூடிப் பேசும் கூட்டம் சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரில் நடக்கிறது என்று சொன்னது நான் வேலை பார்த்த கம்பெனி நர்சம்மா. "ரயில்வே கேட்டு தாண்டி உள்ள போணும். ஞாயித்துக்கெழம காலைல. போர்டு கீர்டு இருக்காது, பேர் கேக்க மாட்டாங்க. வாசல்ல செருப்பு நெறைய கெடக்கும், அதான் அடையாளம்."

ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு வந்தவர்கள் முழுக்கக் கம்பெனி ஆட்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு இவர், "கோயிலுக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இறங்கிய பிறகுதான் வில்லங்கம். எங்களிடம் இருந்தது பட்டன் போன், மேப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. குடியை விடுகிற கூட்டம் எங்கே என்று டீக்கடையில் கேட்டால் நாளைக்கே லைன் முழுக்கத் தெரிந்துவிடும். தெருத் தெருவாகச் சுற்றினோம். சுற்றச் சுற்ற அவர் முகத்தில் நிம்மதி தெரிய ஆரம்பித்தது. அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்ல பாத்தியா, திரும்பிப் போலாம் வா" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு மாடிப்படியின் கீழே செருப்புகள் குவிந்து கிடப்பதைக் கண்டேன். நடுநடுவே சேஃப்டி ஷூக்கள் வேறு. போர்டு இல்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன்.

மாடியில் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. முன்னால் நின்றிருந்த தெற்கத்தி இளைஞர், "பேரு சொல்ல வேண்டாம்ணே. ஒங்க கஷ்டம் என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நர்சம்மா சொன்ன அதே வழக்கம். எனக்கிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் நின்றபடியே பேசினார். "நா குடிக்கிறேன். வுடணும்னுதான் நெனைக்கிறேன், முடில. ஷிப்ட் முடிஞ்சா காலு தானா கடைக்குப் போவுது. என் பொண்ணு என் பக்கத்துல வந்து உக்காரவே மாட்டேங்குது."

என்னிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த இளைஞர் தலையைச் சொறிந்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீக. இது யூனியன் ஆரம்பிக்கக் கூடுன கூட்டம். கான்ட்ராக்ட் ஆளுகள பெர்மனென்ட் ஆக்கணும்னு பேசிக்கிட்டிருந்தோம்."

எனக்கு அந்த மாடி அப்படியே இடிந்து விழாதா என்றிருந்தது. அவர்கள் கம்பெனிக்குத் தெரியாமல் கூடுகிறவர்கள், நாங்கள் ஊருக்குத் தெரியாமல் தேடுகிறவர்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு படியில் இறங்க ஆரம்பித்தார். இனி இந்த ஜென்மத்தில் வரமாட்டார் என்று நினைத்தேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மீசைக்காரர் எழுந்தார். "இருப்பா. நீ தேடுறது அடுத்த தெரு, நர்சரி ஸ்கூல்ல. இது முடிஞ்சி நானும் அங்கதான் போவேன். வா, இன்னிக்கி சீக்கிரமே போலாம்."

"அண்ணே, நீங்களா?" என்று முன்வரிசை வாயைப் பிளந்தது.

"நாந்தான். இன்னா இப்ப?"

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பாதிப் படியில் என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய்ப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார். "அத்தினி பேர் கைல சொல்லிட்டேன். இனிமே சொல்றதுக்கு இன்னா வெக்கம் கீது?"

நர்சரி ஸ்கூலுக்குள் இவரும் மீசைக்காரரும் மட்டும் போனார்கள். நான் வெளியே சறுக்குமரத்து நிழலில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயில் இடிக்க அத்தனை ஆண்கள். கொஞ்ச நேரத்தில் இவர் குரல் கேட்டது. நான் முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

உள்ளே குபீரென்று சிரிப்பு. மாடியில் நடந்த கூத்தைத்தான் சொல்கிறார். "தப்பா நெனைக்காதீக" என்று அந்த இளைஞர் போலவே இழுத்துப் பேசிக் காட்டுகிறார். ஒரு சொட்டு உள்ளே போகாமல், பட்டப்பகலில், பழைய மனுஷன் திரும்பி வந்திருந்தார். சந்தோஷத்தில் எனக்குத்தான் அழுகை நின்றபாடில்லை.

அன்று சாயங்காலம், வழக்கமாகக் கடைக்குக் கிளம்பும் நேரத்தில், அதே கதையை வீட்டில் மறுபடி ஆரம்பித்தார். மீசைக்காரர் எழுந்து நிற்கிற இடம் வருவதற்குள், எதிர்ச் சுவரோரம் இருந்த எங்கள் மகள் நகர்ந்து நகர்ந்து அவர் பக்கத்தில் வந்துவிட்டாள்.