பொன்மணியிடம் ஏமாறாத ஆள் இல்லை

கொச்சி மட்டாஞ்சேரியில் பொன்மணியிடம் ஏமாறாத ஆள் யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும், என் செலவில் சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தருகிறேன்! எங்கள் நாடகக் குழுவில் இருந்தவரை அவள் ஒத்திகைக்கு என்று தனியாக உட்கார்ந்ததே இல்லை. வேஷத்தைக் கட்டிக்கொண்டு நேரே தெருவில் இறங்கிவிடுவாள். தெரு நம்பினால்தான் அந்த வேஷம் மேடைக்கு வரும். இல்லாவிட்டால், "இது சரியாகல்ல சேட்டா, வேற குடுங்க" என்று என்னிடமே வந்து நிற்பாள். குழுவை நடத்துகிறவன் நான் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மேடையில் பார்த்ததும் வாயடைத்துப் போவேன்.

போன வருடம் எலிக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். இருபத்துமூன்று வயது!

நினைவு நாளில் நாடகம் வேண்டாம், அவளிடம் ஏமாந்தவர்களை மேடையேற்றுவோம் என்று முடிவு செய்தேன். எனக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒன்றுதான். அவள் அம்மா ஆவுடையம்மாள் வர வேண்டும். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கும் அந்த அம்மாள், மகள் நடித்து ஒருநாளும் பார்த்ததில்லை. "அம்மா ஒரு தடவை நான் நல்லா நடிக்கிறேன்னு சொன்னா போதும் சேட்டா" என்று பொன்மணி சொல்லாத நாள் இல்லை.

நேரில் போய் அழைத்தேன். "இருக்கும்போதே பாக்கல தம்பி. இனி வந்து என்னத்தைக் காண?" என்றார்.

"ஊரு சொல்றதைக் கேக்கவாவது வாங்கம்மா!" என்று கத்திவிட்டு வந்தேன்.

அன்று மாலை மண்டபத்தில் நிற்க இடமில்லை. முதலில் ஏறியவர் தோப்பும்படி பஸ் கண்டக்டர் சேவியர். "நிறைமாச வயித்தோட ஏறினா. 'எழுந்திரிடா மோனே, கர்ப்பிணி நிக்கிறது கண்ணுல படலையா'ன்னு ஒருத்தனை எழுப்பி ஸீட் வாங்கிக் குடுத்தேன். இறங்கறப்ப சேலைக்குள்ள இருந்து தலகாணியை உருவி என் கையில குடுத்துட்டுப் போறா!" கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அடுத்து மீன்காரி ரோஜா. பொன்மணி இவள் பக்கத்திலேயே கூடையை இறக்கி, பாதி விலைக்கு மத்தி கூவி, இவளோடு குடுமிப்பிடிச் சண்டை போட்டாளாம். பிறகுதான் தெரிந்ததாம், அந்தக் கூடையில் வெறும் செங்கல். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு வேலைக் கோட்டோடு ஆவுடையம்மாள் வந்தார். மைக்கை அவர் கையில் கொடுத்தேன்.

"என்னையும் ஏமாத்தினா" என்றார். எல்லோரும் சிரிக்கத் தயாரானோம்.

"ஆஸ்பத்திரியில, அன்னிக்குக் காலையில, கட்டில்ல எழுந்து உக்காந்துட்டா. 'காய்ச்சல் விட்டுருச்சும்மா, பசிக்குது, இட்லி வாங்கிட்டு வா'ன்னு சிரிச்சா. நெத்தியைத் தொடப் போனேன். 'அய்யோ, பசி உயிர் போகுது, ஓடும்மா'ன்னு விரட்டினா. நானும் சந்தோஷமா ஓடினேன். வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிருச்சு. நான் வாசலைத் தாண்டினதுமே வலி தாங்காம கத்தினான்னு நர்ஸு சொன்னாங்க. அந்தச் சிரிப்பை நான் அப்படியே நம்பிட்டேன்."

மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் நடிச்சிருக்கா, தம்பி."