மூன்றில் ஒரு பங்கு

அலுவலகத்தில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். முகத்துக்கு நேரே சார், முதுகு திரும்பினால் கத்தரிக்கோல். அரசுத் தரப்பில் வாதாடும் வக்கீல்களுக்குக் கட்டணம் நிர்ணயிப்பது அவர் வேலை. சின்ன வழக்குகளில் தொல்லையில்லை, விதியிலேயே தொகை இருக்கிறது. வருஷக்கணக்கில் இழுத்து, அறை கொள்ளாமல் காகிதம் சேருகிற பெரிய குற்ற வழக்குகள்தான் அவர் மேஜைக்கு வரும். படிக்க இவ்வளவு நேரம், சாட்சிகளைப் பார்க்க இவ்வளவு, கோர்ட்டில் நிற்க இவ்வளவு என்று வக்கீல் முன்கூட்டியே மதிப்பீடு எழுதித் தர வேண்டும். கத்தரிக்கோல் முதலில் அதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவார். காரணத்தைப் பிறகுதான் படிப்பார்.

வக்கீல்களும் சளைத்தவர்களா என்ன? அவர் வெட்டுவார் என்று தெரிந்தே ஏற்றி எழுதுவார்கள். வெட்டியதும், "வயித்துல அடிக்கிறீங்களே சார்" என்று புலம்பிவிட்டுச் சிரித்த முகத்தோடு படி இறங்குவார்கள். வீட்டிலும் இதே கதைதான். மனைவிக்கு இரண்டு நாற்காலி தேவையென்றால் மூன்று கேட்பார். அவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னால் நஷ்டம் என்பது அந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் லிஃப்ட் வழக்கு வந்தது. ஓர் உயரமான கட்டடத்தில் லிஃப்டின் இரும்புக் கயிறு அறுந்து, பழுது பார்க்கப் போன மெக்கானிக் செத்துப்போனார். தேய்ந்த கயிறுகளை மாற்றாமலே மாற்றியதாகச் சான்றிதழ் கொடுத்து வந்தார்கள் என்று லிஃப்டைப் பராமரித்த கம்பெனியின் முதலாளிகள்மேல் குற்றச்சாட்டு. மெக்கானிக்கின் கவனக்குறைவுதான் காரணம் என்று அவர்கள் முதல் நாளிலிருந்து சாதித்தார்கள். செத்தவன் எழுந்து வந்து இல்லையென்றா சொல்லப் போகிறான்?

அந்த மெக்கானிக்கின் மனைவிதான் அலுவலகக் கீழ்த்தளத்தில் கேன்டீன் நடத்தும் அக்கா. காப்பியை வைக்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்.

"எனக்குப் பணம் காசு வேண்டாம் சார். எம் புருஷன் வேலை தெரியாதவர் இல்லைன்னு கோர்ட்டு வாயால சொல்லணும். அது போதும்."

கத்தரிக்கோல் தலையாட்டுவார். பணம் வேண்டாம் என்கிறவர்களை அவர் எப்போதுமே கொஞ்சம் உற்றுப் பார்ப்பார். அக்காவையும் பார்த்தார்.

வழக்கை எடுத்த வக்கீலம்மா இந்த மாதிரி வேலைக்குப் புதியவர். அவர் தந்த மதிப்பீட்டைக் கத்தரிக்கோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொகை முழு எண்ணாகக்கூட இல்லை, சில்லறையில் முடிந்தது. எங்கே ஏற்றியிருக்கிறார் என்று தேடினால் பிடி கிடைக்கவில்லை. பிடி கிடைக்காததுதான் அவரை உறுத்தியது. வெளுத்ததெல்லாம் பாலா? காகிதப் பெட்டிகள் இருக்கும் அறைக்கே போய், நாலைந்தைத் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் காகிதம் திணித்திருந்தது. பெரிய கைகாரிதான் என்று முடிவு கட்டி, மேஜைக்குத் திரும்பி மூன்றில் ஒரு பங்கை வெட்டினார்.

வக்கீலம்மா மறுநாளே வந்தார். புலம்பவில்லை.

"சார், நான் கூட்டிக் கேட்கல. இதை வெட்டினா எல்லாப் பெட்டியையும் படிக்க முடியாது."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க மேடம்."

"அப்ப எதை விடறதுன்னு நீங்களே சொல்லுங்க."

இது நல்ல தந்திரம் என்று நினைத்துக்கொண்டார் கத்தரிக்கோல். "சாமான் வாங்கின ரசீதுப் பெட்டிகளை விடுங்க. அதுல என்ன இருந்துடப் போகுது?" என்றார். வக்கீலம்மா அதைக் குறித்துக்கொண்டு போனார்.

எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு இப்படி வெட்ட ஆளில்லை. அவர்கள் ரசீதுகளையும் விடாமல் படித்து, கடைசிக் கட்டத்தில் ஒன்றை எடுத்து நீட்டினார்கள். புதுக் கயிறு வாங்கியிருக்கிறது, மெக்கானிக் கையெழுத்துப் போட்டுப் பெற்றிருக்கிறார். "நாங்க குடுத்தோம், அவர்தான் மாட்டலை" என்றார்கள். அந்தக் கயிறு எந்தக் கட்டடத்துக்குப் போனது என்று எழுந்து கேட்க வேண்டும். கேட்பதற்கு அந்தப் பெட்டிகளைப் படித்திருக்க வேண்டும். வக்கீலம்மா அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை. முதலாளிகள் விடுதலையானார்கள். மெக்கானிக்கின் அலட்சியத்தை மறுப்பதற்கில்லை என்று தீர்ப்பிலும் ஏறிவிட்டது.

அன்று காப்பி ஆறிப்போய் வந்தது.

"ஏன் சார், நம்ம வக்கீலம்மா அந்தப் பெட்டியைத் தொடவே இல்லையாமே. முதலாளிங்ககிட்ட காசு வாங்கிட்டு விட்டுட்டாங்களா?"

"யாரைத்தான் நம்பறது அக்கா" என்றார் கத்தரிக்கோல். வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது. மாடிக்கு ஏறிய பிறகுதான், தான் சொன்னது எவ்வளவு கேவலமான பேச்சு என்று உறைத்தது.

அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. அதே வக்கீலம்மா, அதே பெட்டிகள். புது மதிப்பீடு வந்தபோது தொகை அழகான முழு எண்ணாக இருந்தது. காரணங்களும் பக்கம் பக்கமாக இருந்தன. கத்தரிக்கோலின் பேனா தானாகவே மூன்றில் ஒரு பங்கை வெட்டியது. மிச்சத் தொகையை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பழைய கோப்பை எடுத்து வைத்துப் பார்த்தார். சில்லறை மட்டும்தான் வித்தியாசம். முதல் தடவை அந்தப் பெண் கேட்டது இதைத்தான்.

நான் சொன்னேன் பார், இவளும் எல்லோரையும் போலத்தான் என்று அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. பொய் தெரியாதவளுக்குப் பொய் எழுதக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்று புரிந்து வெட்கப்பட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே கேன்டீனுக்கு இறங்கினார்.

"அக்கா, வக்கீலம்மா மேல தப்பில்லை. அவங்க எல்லாத்தையும் படிக்கணும்னுதான் கேட்டாங்க. நான்தான் வெட்டினேன். அந்தப் பெட்டிகளை விடச் சொன்னதும் நான்தான்."

அக்கா மேஜை துடைத்த துணியைக் கீழே வைத்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடையதுதான் அது.

"அந்தம்மா உங்ககிட்ட இப்படிச் சொல்லச் சொன்னாங்களா சார்?"

"இல்லக்கா. சத்தியமா நான்தான்."

"தப்பு செஞ்சவன் யாராவது தானா வந்து சொல்வானா?" என்றார் அக்கா. "இப்படிச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு சார் குடுத்தாங்க?"

கத்தரிக்கோல் சட்டைப் பையைத் துழாவினார். பழைய காப்பிப் பாக்கிக்காக ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அக்கா அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்த பிறகே கல்லாவில் போட்டார்.