சந்தை முக்கில் கட்டிய குழாய்

அன்றைக்கு அந்த உள்ளறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: என் அம்மா, அப்பாவின் அக்காவான பெரிய அத்தை, காது குத்திய வலியில் அழுது அழுது தூங்கிப்போன என் தம்பி, அவனுக்கு விசிறிக்கொண்டிருந்த நான், அப்புறம் அந்த மைக். மைக்கை ஆள் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டால் சேர்க்கத்தான் வேண்டும், அறைக்குள் பேசியதை வெளியே போய்ச் சொன்னது அது ஒன்றுதான். அதன் வாயில் இருந்த கம்பி வலையிலிருந்து ஒரு நாற்றம் வந்துகொண்டிருந்தது. வெற்றிலைச் சாறும் பீடியும் எத்தனையோ ஊர்க்காரர்களின் எச்சிலும் காய்ந்து, இரும்போடு சேர்ந்து புளித்துப்போன நாற்றம். ஐம்பது வருஷத்துக்கு அப்புறமும் எங்கேயாவது மேடைப் பக்கம் போய்விட்டால் அந்த நாற்றம் இல்லாத இடத்திலும் எனக்கு அது வரும், முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வேன்.

வராமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எந்தப் பொருளைச் சொல்வாய் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒருநாள் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பிளாஸ்டிக் பை என்றாள், ஒருவன் செல்போன் என்றான், சொல்லிக்கொண்டே அதைத்தான் தடவிக்கொண்டிருந்தான். என்னைக் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை, குழாய் என்றேன். தண்ணீர்க் குழாயா என்று சிரித்தார்கள். இவர்களுக்கு எங்கே தெரியும்? ஊமத்தம் பூவைப் பெரிதாக்கித் தகரத்தில் அடித்தது போல வாயைப் பிளந்துகொண்டு மரத்து மேலே தொங்குமே, விடிவதற்கு முன்பே கரகரவென்று செருமிக்கொண்டு எழுந்திருக்குமே, அதைத்தான் நாங்கள் குழாய் என்போம். அதோடு வந்து சேரும் பெட்டி, ஒயர், இசைத்தட்டு, மைக் எல்லாவற்றுக்கும் சேர்த்து "ரேடியோ செட்டு" என்று பேர்.

எங்கள் வீடு வேலந்தாவளத்தில், மாட்டுச் சந்தைக்கு எட்டிப்பார்க்கிற தூரத்தில் இருந்தது. எழுபதுகளின் நடுவில் அங்கே செட்டு வைக்காத விசேஷம் விசேஷமே இல்லை என்று ஆகிவிட்டது. அதற்கு முன்னால் மொய் எழுதுகிறவர் ஒரு மூலையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து எழுதுவார். யார் எவ்வளவு வைத்தார்கள் என்பது வைத்தவருக்கும் வாங்கினவருக்கும் தெரியும், நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பி வைக்கிறபோது பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். செட்டு வந்த பிறகு மொய் மேசையில் மைக்கை நட்டார்கள். ஐந்து ரூபாய் வைக்க வந்தவன் மைக்கைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவனிடம் கைமாற்று வாங்கிப் பத்தாக வைத்தான். அந்தக் கண்றாவியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்குக் காது குத்து வைத்த நாள் சந்தை நாளாக அமைந்துவிட்டது. பெரிய அத்தைக்கு அது ஒரு பெருமை. "சந்தைக்கு வாறவனெல்லாம் கேக்கோணும், இன்னார் ஊட்டு விசேஷம்னு" என்று சொல்லி, செட்டுக்கார ராசுவிடம் இரண்டு குழாய் கட்டச் சொன்னாள். ஒன்று எங்கள் வாசல் பனையில், இன்னொன்று சந்தை முக்கில் கொழிஞ்சாம்பாறை பஸ் நிற்கிற அரசமரத்தில். காலையில் ராசு அதை முதல் தடவையாக அலற விட்டபோது, விற்பனைக்குக் கொண்டுவந்த ஒரு ஜோடிக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. "மாட்டுக்குத் தெரியுது, மனுசனுக்குத் தெரியல" என்று அதன் சொந்தக்காரர் வைதுகொண்டே பின்னால் ஓடினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. நான் பிறவியிலேயே அப்படி. எல்லாரும் சிரிக்கிற இடத்தில் எனக்கு மட்டும் ஏதோ நடக்கப் போகிறது என்று இருக்கும்.

ஆனால் அந்த நாள் எனக்குச் சந்தோஷ நாளாகத்தான் இருந்திருக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் அண்ணன், கடலைக்காய் போடுகிற கொஞ்சம் மேட்டுக்காடு, மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எங்கள் ஊரில் ஏழு வரைக்கும்தான் படிப்பு. ஹைஸ்கூல் மாமா வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பொட்டைப் பிள்ளையைத் தினமும் பஸ்ஸில் அனுப்ப அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதால், ஜூன் மாதம் முதல் நான் மாமா வீட்டிலேயே தங்கி எட்டாம் வகுப்பு படிப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். அதற்காக அம்மா ஒரு தகரப் பெட்டி வாங்கி, இரண்டு பாவாடையும் ஒரு சீப்பும் அதற்குள் அப்போதே வைத்துவிட்டாள். பந்தலுக்குள் நுழைந்ததும் மாமா கேட்டது அதைத்தான்: "என்ன அம்முணி, பொட்டி கட்டியாச்சா?"

மாமா மடியில் வைத்துத்தான் தம்பிக்குக் காது குத்தினார்கள். அவர் போட்ட கடுக்கன் மெலிசுதான், ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது, ஆனால் தங்கம். அம்மா அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன் என்பதால் சொல்கிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு அம்மாவைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

மொய் மேசையில் ராசுவின் ஆட்டம் தொடங்கியது. அப்பா பக்கத்துச் சொந்தக்காரர்கள், எங்கள் பேச்சில் ஒறம்பரைகள், ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று வைக்க, ராசு ஒவ்வொன்றையும் நீட்டி முழக்கினான். மாமா முறை வந்தபோது, "கொழிஞ்சாம்பாறை... தாய்மாமன்... பதினோரு ரூவா! பதினோரு ரூவாயே!" என்று இரண்டு தடவை சொன்னான். அவன் வேண்டுமென்று சொன்னானா, வாய்ப் பழக்கமா தெரியாது. பந்தலில் யாரோ கனைத்தார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இலையில் போய் உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வீட்டு ஆட்களோடு கிளம்பினார். மொத்தம் ஏழு பேர்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. ராசு வாசல் குழாயை அவசரமாகக் கழற்றினான், இசைத்தட்டை நிறுத்தினான், பெட்டியையும் மைக்கையும் நனையாமல் எங்கள் உள்ளறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். மைக்கை நிறுத்தவில்லை. சந்தை முக்குக் குழாய் என்று ஒன்று இருப்பதை அவனும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கத்திப் பேசினால்தான் கேட்கும், அதனால் இருவரும் கத்தித்தான் பேசினார்கள்.

பெரிய அத்தை மைக்குக்குப் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்து பாக்கைக் கடித்தாள். "ஏம்புள்ள, உன்ற அண்ணன் பதினொன்னு வெச்சுட்டானாமா. பந்தலே அதிர்ந்து போச்சு போ."

அம்மா நாத்தனாரை "நங்கையா" என்றுதான் கூப்பிடுவாள். நாத்தனார் கேலி பண்ணுவதற்கு முன்னால் தானே பண்ணிவிட்டால் அடி குறைவாக விழும் என்று வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கெல்லாம் தெரியும். அம்மாவும் அதைத்தான் செய்தாள். "அதை ஏன் கேக்கறீங்க நங்கையா. ஏழு பேரு வந்து கறிச்சோறு தின்னுருக்கறாங்க. பதினோரு ரூவா எலைக்கே காணாது."

அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "கடுக்கனாச்சும் தங்கந்தானா?"

"தராசுல வெச்சா முள்ளு அசையாதுங்க. எங்கண்ணி முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கறா, அந்த முடிச்சு அவுந்தாத்தான தங்கம் வாறதுக்கு. மூணு நாளா அடுப்புப் பத்த வெக்காம வந்துருப்பாங்களாட்ட இருக்குது, கொழம்பு ஊத்தி ஊத்தி மாளல."

அப்போதுதான் நான் பார்த்தேன், பெட்டியின் முகத்தில் ஒரு பச்சைப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. "அம்மா, பச்ச லைட்டு எரியுது" என்றேன்.

"கம்முனு இரு, பெரியவங்க பேசறப்ப" என்றாள் அத்தை.

"அம்மா, பச்ச லைட்டும்மா."

"எரிஞ்சா எரியட்டும், உனக்கென்ன வெசனம்?" என்றாள் அம்மா.

எதற்கும் கவலைப்படுகிற இந்த வெசனம் பிடித்த பிள்ளையின் பேச்சும் சேர்த்துத்தான் சந்தை முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. மழையில் நனைந்துகொண்டே ஒரு மாட்டுத் தரகர் வாசலுக்கு ஓடி வந்து, "ஏனுங்க, ஊட்டுப் பேச்செல்லாம் சந்தையில கேக்குதுங்கோ! உங்க ஒறம்பரைக அங்கதான் நிக்கறாங்க!" என்று கத்தினார். அம்மா மைக்கின் வாயைக் கையால் பொத்தினாள். அத்தை வாயிலிருந்த பாக்கைத் துப்பினாள்.

மாமாவும் மற்ற ஆறு பேரும் மழைக்கு ஒதுங்கி அந்த அரசமரத்தடியில், அந்தக் குழாய்க்கு நேர் கீழே நின்றிருந்தார்கள். எலைக்கே காணாது என்றதும் சந்தையே சிரித்ததாம். மாமா அண்ணாந்து ஒரு தடவை குழாயைப் பார்த்தாராம், அப்புறம் பஸ் வருகிறவரைக்கும் தலையை நிமிர்த்தவில்லையாம்.

மறுநாள் காலையிலேயே அப்பா சைக்கிளில் கொழிஞ்சாம்பாறை போனார். மாமா பாய் விரித்தார், மோர் கொடுத்தார், சத்தம் ஒன்றும் போடவில்லை. மாமா பேசியதாக அப்பா திரும்பி வந்து சொன்ன வார்த்தைகள் அப்படியே எனக்கு மனப்பாடம். "மாப்பளே, உள்ளாற நாலு பேரு ஆயிரம் பேசுவாங்க. என்ற ஊட்டுலயும் உங்களப் பேசியிருக்கறோம், இல்லீன்னு சொல்லலீங்க. காதுல உளுந்தாலும் உளுகாதாட்ட இருந்துக்கறதுதான ஒறவு. இத நான் எப்படிங்க உளுகாதாட்ட இருக்கறது? மாடு ஓட்டறவனெல்லாம் என்ற மூஞ்சியப் பாத்து எல எண்ணறானுங்க."

அப்பா என் படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மாமா, "எங்கூட்டுல சோத்த எண்ணிப் போடறதில்லீங்க. ஆனா புள்ள எண்ணிட்டுப் போய்ச் சொல்லுமோன்னு அவ பயப்படறா" என்று தன் மனைவியைக் காட்டினாராம்.

அவ்வளவுதான். ஜூன் மாதம் வந்தது, போனது. ஏழாம் வகுப்பு வாத்தியார், எங்கள் பக்கம் மாஷ் என்போம், இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, "இந்தக் குட்டிய ஏன் நிறுத்தறீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். தகரப் பெட்டியில் பாவாடையை எடுத்துவிட்டு விதைக்கடலை போட்டு வைத்தார்கள். நான் கடலைக்காய் உரிக்கப் போனேன், அப்புறம் தையல் பழகினேன். சந்தை நாளில் நான் நடந்தால் பையன்கள், "கம்முனு இரு, பச்ச லைட்டு எரியுது" என்று அத்தை குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள். கல்யாணமாகி வேறு ஊர் போகும் வரைக்கும் எனக்கு அதுதான் பேர்.

யார் மேல் தப்பு என்று எங்கள் வீட்டில் வருஷக்கணக்காகப் பேசினார்கள். அம்மா ராசுவை வைதாள், அத்தை மழையை வைதாள். நான் மட்டும் அந்தத் தகரக் குழாயைத்தான் வைதேன், இன்னும் வைகிறேன். நாலு சுவருக்குள் பிறந்து நாலு சுவருக்குள்ளேயே செத்துப்போக வேண்டிய பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் தினமும் பத்து உண்டு. அதையெல்லாம் பிணம் தோண்டுகிற மாதிரி தோண்டி மரத்தில் தொங்கவிட ஒரு சாமானைக் கண்டுபிடித்தவன் நல்லது செய்ததாக நினைத்திருப்பான். சாமிக்கும் அது, சாவுக்கும் அது, ஓட்டுக்கும் அது, விடியுமுன்னே ஊர்க் காதுக்குள் காறித் துப்புவதும் அது.

இப்போது அந்தக் குழாய்கள் காணோம். ஆள் உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்குகிறார்கள், சத்தம் காதில் விழுவதில்லை, நெஞ்சில் இடிக்கிறது. அது போதாதென்று எல்லார் மடியிலும் ஒரு மைக். பஸ்ஸில் ஒருத்தி மருமகளைத் திட்டுவது டிரைவர் வரைக்கும் கேட்கிறது, குடும்ப குரூப்பில் யாரோ யாரையோ ஏசிப் பேசியது தவறி வந்து விழுகிறது, அழித்தாலும் அதற்குள் நாலு பேர் கேட்டுவிடுகிறார்கள். நான் யாரைப் பற்றியாவது ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல வேண்டுமென்றால் செல்போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காதில் விழுந்ததை விழாத மாதிரி இருந்துகொள்கிற மனுஷத்தனம் ஒன்று இருந்தது. அதற்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

மாமா தன் பெண் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டில் மொய்யைத் திருப்ப முடியாது. அவர் இறந்தபோது போனோம், சாவு வீட்டில் திருப்பக் கூடாது. அம்மா தன் கடைசி நாட்களில், "அண்ணன் வெச்சத எப்படியாச்சும் திருப்பிப் போடு சாமி. கூட்டி வெக்காத, அவரு வெச்சது வெச்சபடி வெய்யி" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

போன வருஷம் மாமாவின் பேரன் தன் மகளுக்குக் காது குத்து வைத்தான். பழசு ஒன்றும் தெரியாத பிள்ளை, குரூப்பில் எல்லாருக்கும் அழைப்புப் போட்டிருந்தான். ஒரு கவரில் அம்மா சொன்னபடியே பணத்தை வைத்துக்கொண்டு, வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி போனேன். மண்டபத்து வாசலில் மொய் எழுதக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள், பக்கத்தில் ஒரு பையன் மைக் பிடித்துக்கொண்டு பேர், ஊர், தொகை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டிருந்தான். எனக்கு முன்னால் இருந்தவர் ஐயாயிரம். "உங்க பேரு, ஊரு, எவ்வளவுங்க பாட்டி?" என்று என்னைக் கேட்டான். அவனுடைய மைக் பெட்டியின் மேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேலந்தாவளம் என்று அவன் சொல்லுவான், தொகையை இரண்டு தடவை சொல்லுவான், அங்கே இருக்கிற கிழடுகளில் ஒருத்தருக்காவது இலைக் கணக்கு ஞாபகம் வரும். "தண்ணி குடிச்சுட்டு வந்தர்றன் கண்ணு" என்று சொல்லிவிட்டு, கவரை இடுப்பில் சொருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அம்மாவின் அண்ணனுக்கு எங்கள் வீடு இன்னும் தர வேண்டியது பதினோரு ரூபாய்.