நோம்பிப் படம் நல்லா இல்லை

எங்கள் பக்கம் பண்டிகையை நோம்பி என்பார்கள். பொங்கல் நோம்பி, தீபாவளி நோம்பி. அன்றைக்கென்று புதிதாகத் திரைக்கு வரும் படம் நோம்பிப் படம். எழுபதுகளின் நடுவில், பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு நான் மருமகளாகப் போனேன். பாத்திரம் பண்டத்தோடு சினிமாப் பைத்தியத்தையும் கொண்டுபோனேன். சேலத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். தீபாவளி அன்று தலைக்கு ஊற்றிய எண்ணெய் முழுதாகப் போவதற்குள் பெண்கள் கவுண்டரில் போய் நிற்பேன். வளையல் உடையாமல் டிக்கெட் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. பார்த்த படத்தைப் பற்றி நாலு பேரிடம் பேசித் தீர்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நல்லவேளையாக, புகுந்த வீட்டிலும் படம் பார்க்கத் தடை இல்லை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வீட்டோடு கிளம்பி நாமக்கல் போய் மேட்னி ஆட்டம் பார்ப்பது அவர்களுக்கு வழக்கமாகவே இருந்தது. மாமியார் வருவார், கொழுந்தனார் வருவார். என் வீட்டுக்காரரும் வருவார், இடைவேளைக்குப் பிறகு தூங்குவதற்காக. ஒரே ஒருவர் மட்டும் வரமாட்டார். அது என் வீட்டுக்காரரின் அக்கா. நங்கை என்று கூப்பிடுவேன்.

நங்கை கல்யாணமான கொஞ்ச நாளிலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டவர். கட்டிய ஆள் இன்னொருத்தியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டான். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கட்டுத்தறியில் இருந்த எருமைகள், கொடிக்காலில் பாதி வேலை, அடுப்படியில் முக்கால் வேலை எல்லாம் நங்கையின் தலையில்தான். அதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பவரும் இல்லை. சிரித்தால் பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்கும்.

கல்யாணமான முதல் பொங்கலுக்கு எங்களுக்குக் கட்டுச்சோறு கட்டியவர் அவர்தான். என் தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டு, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே வந்தார். "நீங்களும் வாங்க நங்கை" என்றேன். "கட்டுத்தறியை ஆரு பாப்பாங்க? நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். பஸ்ஸில் என் வீட்டுக்காரர் மெதுவாகக் காரணத்தைச் சொன்னார். நோம்பிக்கு அந்த ஆளும் அவன் ஊர் ஜனங்களும் அதே தியேட்டருக்கு வருவார்களாம். அக்காவைப் பார்த்தால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்களாம்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு வருத்தம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நங்கை வருவதாக இருந்தால் எருமைகளோடு இன்னொருவர் வீட்டில் இருக்க வேண்டும். மாமியாரை யாரும் இருக்கச் சொல்ல முடியாது. அடுத்த ஆள் நான்தான். அதனால் ஒரு தடவை கூப்பிட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்குப் பார்த்த படம் அவ்வளவு நன்றாக இருந்தது. அண்ணன் தங்கை கதைதான், ஆனால் அழவைத்துவிட்டு அடுத்த நொடியே சிரிக்கவும் வைத்தார்கள். வெள்ளத்தில் வண்டியோடு போகும் அண்ணனைப் பார்த்துப் பெண்கள் பக்கமே எழுந்து நின்றுவிட்டது. திரும்பி வரும்போது, எதை முதலில் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பது என்றெல்லாம் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்தேன்.

வாசலுக்கு வந்தபோது நங்கை எங்களுக்காக வெந்நீர் காய வைத்திருந்தார். கையில் தவிடு ஒட்டியிருந்தது. நோம்பிக்கு எடுத்த சீலையை அவர் மடிப்புகூடப் பிரிக்கவில்லை.

"படம் எப்பிடிச் சாமி இருந்துச்சு?"

வாய் நிறைய வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "நல்லாவே இல்லீங்க நங்கை" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நங்கை ஒரு சிரிப்புச் சிரித்தார். "அப்ப நான் வராததே நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு எனக்குக் காபி கொண்டுவரப் போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

அதற்கப்புறம் எந்த நோம்பிக்கு எந்தப் படம் பார்த்தாலும் நல்லா இல்லை. சேலத்தில் அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்த தீபாவளிப் படங்களும் நல்லா இல்லை. நல்லா இல்லை என்று சும்மா சொன்னால் போதாது, ஏன் என்று சொல்ல வேண்டுமே. கதாநாயகனுக்கு மீசை ஒட்டவில்லை. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் கல்லூரிக்குப் போகிறான். ஏழைப் பெண்ணின் சீலையில் கஞ்சி மொடமொட என்று நிற்கிறது. காய்ச்சல் வந்து கிடக்கிறவள் கண்ணுக்கு மை தீட்டியிருக்கிறாள். சண்டைக்கு நடுவில் யாரோ ஒருவனின் கைக்கடிகாரம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்விடுகிறது. நங்கை எருமையின் மடியில் கையை வைத்தபடியே விழுந்து விழுந்து சிரிப்பார்.

இப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு ஊரில் ஒரு பெயரே வந்துவிட்டது. கொடிக்காலில் வேலைக்கு வரும் பெண்கள், "அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். அவர்களுக்கென்ன, அடுத்த வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்து படம் அருமை என்பார்கள். நான் விடாமல் மறுப்பேன். போகப் போகத் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும்போதே, வீட்டுக்குக் கொண்டுபோகக் குறை தேடும் பழக்கம் வந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள், நான் கதாநாயகியின் சவுரி எங்கே பிரிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நங்கைக்காக மறக்காமல் வாங்கிவந்தது பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் விற்பார்கள். பாட்டுகளுக்கு முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்திவிடுவார்கள். நங்கை எழுத்துக் கூட்டி அந்தப் பாதியைப் படித்துவிட்டு என்னிடம் வருவார். "அப்புறம் என்ன ஆச்சு?"

நான் மீதியைச் சொல்வேன். ஆனால் நல்லா இல்லாத படத்தை நன்றாகச் சொல்ல முடியாதல்லவா? அதனால் அழவைத்த இடத்தைத் தாண்டிப் போவேன். கைதட்டு வாங்கிய வசனத்தை விழுங்கிவிடுவேன். உயிரான காட்சியை, என்னமோ பேசினாங்க, அழுதாங்க என்று முடித்துவிடுவேன். சில நாளில் நங்கை, "பாட்டு ரேடியோவுல நல்லாத்தானே இருக்குது?" என்று கேட்பார். "பாட்டு ஒண்ணுதானுங்க" என்பேன். அவருக்கு வெள்ளித்திரை என்று இருந்ததே நான் ஒருத்திதான். அந்தத் திரையில் ஓட்டை போட்டுப் போட்டுக் காட்டியதும் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தீபாவளிக்குச் சேலத்தில் பார்த்த படம் ஒன்று. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி. புருசன் அவளை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போய்விடுகிறான். அவள் தனியாக வீடு பிடித்து, சமைத்துச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வருகிறாள். கடைசியில் அவன் வந்து, வா போகலாம் என்கிறான். அவள் கையில் சோற்றுத் தூக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. அவனிடம் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்து போகிறாள். பெண்கள் பக்கம் கைதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. படம் முழுக்க எனக்கு நங்கை ஞாபகம்தான். அதனாலேயே பயம் வந்தது, இதை எப்படிப் போய்ச் சொல்வது என்று. பயத்தில் கண் முழுக்கக் குறைகளின் மேலேயே இருந்தது.

"படம் தண்டமுங்க. இருக்கறதிலேயே மோசம்" என்றேன் வந்ததும். பாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு நங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எப்போதும் வேலை செய்துகொண்டே கேட்கிறவர், அன்றைக்குக் கையில் ஒன்றும் எடுக்கவில்லை.

"புருசன் திரும்பி வந்தான்னு போட்டிருக்குது. அப்புறம்?"

"அப்புறம் என்னங்க, அவன் மன்னிப்புக் கேட்டான். இவளும் அவன்கூடப் போயிட்டா."

"போயிட்டாளா?"

"ஆமாங்க. படமின்னா அப்படித்தானே முடிப்பாங்க."

நங்கை எழுந்தார். பால் கறக்கும் சொம்பைக் கழுவப் போனார். காலையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சொம்பு அது. அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் மாற்றிச் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், ஆனால் அந்தச் சமாதானம் ஒருநாளும் ஒட்டவில்லை.

சில வருடம் கழித்து மாமியார் காலமாகிவிட்டார். அதற்கடுத்த வருடம் மார்கழியில், பொங்கலுக்கு முன்னால், நான் கொடிக்கால் வாய்க்காலில் வழுக்கி விழுந்ததில் கணுக்காலில் எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப்போட்டுக் கட்டிலில் கிடந்தேன். எருமைகளைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி ஒத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர், "நீ வா அக்கா. டிக்கெட்டுக்குச் சொல்லி வெச்சாச்சு" என்றார். நங்கை என்னைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க நங்கை" என்றேன். "அந்த ஆளு வந்தா..." என்று என் வீட்டுக்காரரே இழுத்தார்.

"வந்தா வரட்டும். அவனும் படம் பாக்கத்தான வாரான்" என்றார் நங்கை.

எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெண் அத்தனை வருடமும் அங்கேயேதான் இருந்தாள், கேட்டிருந்தால் அப்போதும் வந்திருப்பாள். அவளைக் கேட்க வேண்டும் என்று நான் கால் ஒடியும் வரைக்கும் நினைக்கவில்லை. மடிப்புப் பிரித்த நோம்பிச் சீலையில் நங்கை பஸ்ஸுக்கு நடந்து போனதைக் கட்டிலில் இருந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்கு நான் அழுதது கால்வலிக்கு இல்லை.

பொழுதோடு திரும்பி வந்தார்கள். நங்கையின் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. முகம் மட்டும் பளபள என்று இருந்தது. நேராக என்னிடம் வந்து கட்டிலில் உட்கார்ந்து என் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"படம் எப்பிடிங்க நங்கை இருந்துச்சு?"

"ஒண்ணும் நல்லா இல்லை சாமி. நீ வராததே நல்லதாப் போச்சு."

பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "பொய்யி. இடைவேளைக்குக்கூட அக்கா எந்திரிக்கலை" என்றார். சொல்லிவிட்டு அவர் கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

"மெய்யாலுமே நல்லா இல்லீங்களா?"

"நீ பாத்துட்டு வந்த படமெல்லாம் எப்பிடி இருந்துச்சோ, அப்பிடித்தான் இருந்துச்சு" என்றார் நங்கை.

அவர் சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. என் புடவைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அந்த டீச்சர் படம் இருக்குதில்ல," என்றார், "அவ திரும்பிப் போகலைன்னு களை வெட்ட வந்த பொம்பளைங்க அப்பவே சொன்னாங்க. எனக்கு வெசனமாயிருமின்னு நீ மாத்திச் சொன்னே. அது போச்சாது, உடு. ஆனா அவன்கிட்ட அவ என்னமோ சொல்லிட்டு நடந்து போனாளாமே, என்ன சொன்னான்னு அவுங்களுக்கு ஞாபகமில்லையாம். நீதான் நல்லாப் பாக்கறவ. உன்னைய ஒரு நாளைக்குக் கேக்கோணுமின்னு இருந்தேன். அவ என்ன சாமி சொன்னா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று கண்ணை மூடி யோசித்தேன். அவளுடைய சவுரி காதுக்குப் பின்னால் பிரிந்து நின்றது ஞாபகம் வந்தது. சீலையில் கஞ்சி மொடமொடத்தது. வெயிலே இல்லாத இடத்தில் குடை விரித்தது. அவன் நெற்றியில் வேர்வைக்குப் பதிலாக ஏதோ எண்ணெய் தடவியிருந்தது. சோற்றுத் தூக்கு காலியாக ஆடியது. ஒன்று விடாமல் எல்லாக் குறையும் வரிசையாக வந்தன. அவள் வாய் திறந்ததும் தெரிந்தது. என்ன சொன்னாள் என்பது மட்டும் வரவில்லை.

"சொல்லு," என்றார் நங்கை. கையில் ஒரு வேலையும் இல்லாமல் காத்துக்கொண்டிருந்தார். "அப்புறம்?"